பக்கத்து ஃபோல்டரும் கன்டெய்னரும்: சர்வர்லெஸ் ஃபங்ஷனுக்குள் சொந்த லைப்ரரி

சர்வர்லெஸ் ஃபங்ஷன் என்று நாம் எழுதுவது பல நேரம் நாற்பது ஐம்பது வரிதான். படம் வந்து விழுந்தால் சுருக்கு, பணம் கட்டப்பட்டால் ரசீது அனுப்பு, அவ்வளவே வேலை. அந்த நாற்பது வரியின் தலையில் நிற்கும் இம்போர்ட் வரிகள்தான் ஆளைத் தவிக்கவிடும். அவற்றில் சில, பொதுக் களஞ்சியங்களிலிருந்து இறங்கும் லைப்ரரிகள். அவற்றுக்கான வழி எல்லோருக்கும் தெரியும். வேறு சில, அலுவலகத்தில் நாமே எழுதி நாலைந்து ஃபங்ஷன்களுக்குப் பொதுவாக வைத்திருப்பவை. எந்தக் களஞ்சியத்திலும் ஏறாமல் பக்கத்து ஃபோல்டரில் கிடப்பவை. இந்த இரண்டாம் வகையைக் கன்டெய்னருக்குள் கொண்டுபோவது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் பத்தாண்டுகளில் அதற்கு முளைத்த விடைகள் பல. கருவிக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: கன்டெய்னர் இந்தச் சிக்கலைத் தீர்த்துவைக்கவில்லை. அதுவரை மறைந்திருந்த சிக்கலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நம் லைப்ரரிக்குப் பெயரும் வெர்ஷனும் எல்லையும் இல்லாமலே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். கன்டெய்னர் அந்த எல்லையைக் கேட்கிறது.

ஜிப் காலம்

அமேசான் 2014 நவம்பரில் லாம்டாவை அறிவித்தபோது பயனரிடம் கன்டெய்னர் என்ற பேச்சே இல்லை. நிரலையும் அதற்கு வேண்டியதையும் ஒரே ஜிப்பாகச் சுருட்டி ஏற்ற வேண்டும். முதலில் நோட்.ஜேஎஸ் மட்டும்; 2015இல் ஜாவாவும் பைத்தானும் சேர்ந்தன. நேரடியாக ஏற்றும் ஜிப் 50 எம்பிக்குள், விரித்தால் 250 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

அந்த நாளில் சொந்த லைப்ரரி ஒரு தொல்லையே அல்ல. பொது ஃபோல்டரைக் காப்பி செய்து ஃபங்ஷன் ஃபோல்டருக்குள் போட்டு ஜிப் செய்ய மூன்று வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும். தொல்லை கொடுத்தவை சி மொழியில் எழுதிய உள்ளுறுப்புகளைச் சுமந்துவரும் லைப்ரரிகள். மேக்கிலோ விண்டோஸிலோ நிறுவிய நம்பையை ஜிப் செய்து ஏற்றினால், லினக்ஸில் ஓடும் லாம்டா அதைத் திறந்து பார்த்துவிட்டு ஈஎல்எஃப் தலைப்பு சரியில்லை என்று திருப்பிவிடும். அதனால் பலர் அமேசான் லினக்ஸ் ஓடும் ஒரு வாடகை எந்திரத்தை எழுப்பி, அதில் பிப் ஓட்டி, ஜிப்பை இறக்கி, எந்திரத்தை அணைத்தார்கள். பிறகு லாம்டாவின் சூழலை அச்சாக நகலெடுத்த டாக்கர் இமேஜ்களை லாம்ப்சிஐ என்ற திறமூலத் திட்டம் வெளியிட்டது. அமேசானின் சாம் கருவியும் முதலில் அவற்றையே நம்பியிருந்தது. பின்னர் அமேசான் சொந்த இமேஜ்களுக்கு மாறியது.

ஆக, கன்டெய்னர் இத்துறைக்குள் நுழைந்தது ஒரு பட்டறையாகத்தான். உள்ளே லைப்ரரியைக் கட்டி, வெளியே ஜிப்பை எடுத்துக்கொண்டு, பட்டறையைக் கலைத்துவிடலாம். சாமில் இன்றும் பில்ட் கட்டளையோடு யூஸ்-கன்டெய்னர் என்று சேர்த்தால் நடப்பது இதுதான். 2020 டிசம்பரில் இரண்டாம் வேடம் வந்தது: 10 ஜிபி வரையிலான கன்டெய்னர் இமேஜையே ஃபங்ஷனாக ஏற்றலாம் என்று லாம்டா அறிவித்தது. இங்கே கன்டெய்னரே விளைபொருள். இந்த இரண்டு வேடங்களையும் குழப்பிக்கொள்வதால்தான் சொந்த லைப்ரரி பற்றிய பாதி அறிவுரைகள் பலிப்பதில்லை. ஒன்றுக்குச் சொன்ன மருந்தை மற்றதற்குக் கொடுக்கிறோம்.

நடுவில், 2018 நவம்பரில், லேயர் என்ற ஏற்பாடும் வந்தது. பொது லைப்ரரியைத் தனி ஜிப்பாக ஏற்றினால் ஃபங்ஷன் ஓடும்போது ஆப்ட் என்ற அடைவில் அது விரிந்து கிடக்கும். ஒரு ஃபங்ஷனுக்கு ஐந்து லேயர் வரை சேர்க்கலாம். சொந்த லைப்ரரியைப் பகிர இதுவே ராஜபாட்டை என்று அப்போது பலர் எழுதினார்கள். என் கணிப்பில் அது தவறான வழிகாட்டல். லேயரில் இருக்கும் நிரல் நிரலரின் எடிட்டருக்குத் தெரியாது, டெஸ்டுக்குத் தெரியாது. 250 எம்பி கணக்கிலிருந்தும் அதற்கு விலக்கு இல்லை. எந்த ஃபங்ஷன் எந்த லேயர் எண்ணில் நிற்கிறது என்பதைக் கண்காணிக்கத் தனியாக ஒருவர் வேண்டும். இமேஜாக ஏற்றும் ஃபங்ஷனோடு லேயரைச் சேர்க்கவே முடியாது என்பதால், இமேஜுக்கு மாற நினைப்பவர் அன்றே பிரித்து அடுக்க வேண்டும். கண்காணிப்பு ஏஜென்ட் போன்ற, நிரல் நேரடியாகக் கூப்பிடாத துணைப்பொருள்களுக்கு லேயர் பொருந்தும். தினமும் மாறும் சொந்த நிரலுக்குப் பொருந்தாது.

எல்லைக்கு வெளியே ஒரு ஃபோல்டர்

பெரும்பாலான ரெப்போக்களின் அமைப்பு ஒன்றுபோல்தான் இருக்கும். ஃபங்ஷன்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஆர்டர், பில்லிங், நோட்டிஃபை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை ஃபோல்டர். அதற்கு இணையாக காமன் என்ற ஃபோல்டரில் எல்லோருக்கும் பொதுவான நிரல். பில்லிங்கின் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில், இரண்டு படி மேலே போய் காமனை எடு என்று ஒரு வரி. நிரலரின் கணினியில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும்.

பில்லிங் ஃபோல்டருக்குள் ஒரு டாக்கர்ஃபைல் எழுதி, அங்கேயே நின்று டாக்கர் பில்ட் கொடுத்தால் நின்றுவிடும். மேலே உள்ள ஃபோல்டரைக் காப்பி செய்ய டாக்கர் மறுக்கும். இது அடாவடி அல்ல. டாக்கரில் கட்டளை கொடுக்கும் முனையும் இமேஜைக் கட்டும் முனையும் வெவ்வேறு. கட்டும் முனை வேறொரு எந்திரத்தில்கூட இருக்கலாம். பில்ட் கான்டெக்ஸ்ட் என்று நாம் காட்டும் ஃபோல்டர் மட்டுமே அந்த முனைக்குப் போய்ச் சேரும். அங்கே பக்கத்து ஃபோல்டர் என்று ஒன்று இல்லவே இல்லை. சிம்லிங்க் போட்டு ஏமாற்றலாம் என்றால் அதுவும் நடக்காது. கான்டெக்ஸ்ட்டுக்கு வெளியே காட்டும் சிம்லிங்க் அப்படியே சிம்லிங்காகப் போய், உள்ளே முனை இல்லாமல் தொங்கும்.

சாமின் பட்டறை வேடத்திலும் இதே கதைதான். யூஸ்-கன்டெய்னர் கொடுத்தால் ஃபங்ஷனின் மூல ஃபோல்டரும் சார்புப் பட்டியல் இருக்கும் ஃபோல்டரும்தான் கன்டெய்னருக்குள் இணைக்கப்படும். வழியைச் சரியாகக் கொடுத்திருந்தால் கன்டெய்னர் இல்லாமல் ஓடிய பில்ட், கன்டெய்னரோடு கொடுத்ததும் காமனைக் காணோம் என்கிறது. சூழல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கொண்டுவந்த கருவி, சூழலின் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டது என்று நிரலர் எரிச்சல்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் கருவி சொல்வதிலும் நியாயம் உண்டு: அந்த ஃபோல்டர் இந்த ஃபங்ஷனின் பகுதி என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை.

இதற்கு வழக்கில் இருக்கும் வழிகளை எளிமையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். பில்டுக்கு முன் காமனை ஃபங்ஷன் ஃபோல்டருக்குள் காப்பி செய்வது பழைய ஜிப் காலத்து வழி. இன்றும் ஓடும். ஆனால் அந்தக் காப்பி கிட்டுக்குள் தவறிப் புகுந்துவிடும்; யாரோ ஒருவர் மூலத்தை விட்டுக் காப்பியைத் திருத்துவார்; திருத்தம் அடுத்த பில்டில் அழியும். காப்பியைத் தற்காலிக அடைவு ஒன்றில் எடுத்து, அந்த அடைவையே கான்டெக்ஸ்ட்டாகக் காட்டினால் இந்த விபத்து நேராது.

இரண்டாவது வழி, கான்டெக்ஸ்ட்டை ரெப்போவின் வேருக்கு உயர்த்துவது. டாக்கர்ஃபைல் ஃபங்ஷன் ஃபோல்டரிலேயே இருக்கலாம். எஃப் என்ற தெரிவால் அதைக் காட்டி, கான்டெக்ஸ்ட்டாக வேரைக் கொடுக்கலாம். சாமிலும் இமேஜ் வகை ஃபங்ஷனின் மெட்டாடேட்டாவில் டாக்கர்கான்டெக்ஸ்ட் என்ற இடத்தில் வேரைக் குறிப்பிட்டால் போதும். இப்போது காமன், பில்லிங் இரண்டையும் பெயர் சொல்லிக் காப்பி செய்யலாம். இதன் குறை எடை. வேரில் கிடக்கும் கிட் வரலாறு, நோட் மாட்யூல்கள், யாரோ போட்டுவைத்த சோதனைத் தரவு எல்லாம் கான்டெக்ஸ்ட்டுக்குள் வந்துவிடும். டாக்கர்இக்னோர் கோப்பில் முதல் வரியிலேயே அனைத்தையும் விலக்கி, வேண்டியதை மட்டும் விலக்கிலிருந்து விடுவிப்பதே சரியான முறை. வேண்டாததை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனால் பட்டியல் என்றும் முடியாது. பில்ட்கிட் வந்த பிறகு டாக்கர்ஃபைல் ஒவ்வொன்றுக்கும் தனி இக்னோர் கோப்பு வைக்கலாம் என்பது ஃபங்ஷன்கள் நிறைந்த ரெப்போவுக்குப் பெரிய உதவி.

மூன்றாவது, பெயரிட்ட கான்டெக்ஸ்ட்டுகள். 2022இல் டாக்கர்ஃபைல் 1.4 இலக்கணத்தோடு வந்தது இது. முதன்மைக் கான்டெக்ஸ்ட் பில்லிங்காகவே இருக்கும். காமன் என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டரையும் பில்ட் கட்டளையில் சேர்த்துக் கொடுத்து, உள்ளே அந்தப் பெயரிலிருந்து காப்பி செய்யலாம். நான் பார்த்தவரை இதுதான் எல்லையை மிக நேர்மையாகச் சொல்லும் வழி. பில்லிங் தன்னைத் தவிர எதை நம்பியிருக்கிறது என்பது கட்டளையிலேயே தெரிகிறது. குறை என்னவென்றால், சர்வர்லெஸ் கருவிகள் பலவும் டாக்கர் பில்டைத் தாமே அழைக்கின்றன. இந்தக் கூடுதல் கான்டெக்ஸ்ட்டைக் கடத்த எல்லாவற்றிலும் வழி இல்லை. அப்போது இமேஜைத் தனியாகக் கட்டி, களஞ்சியத்தில் ஏற்றி, அதன் முகவரியை மட்டும் கருவியிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, லைப்ரரியை முதலில் பொட்டலமாகக் கட்டிவிடுவது. பைத்தானில் வீல், நோடில் என்பிஎம் பேக் தரும் டார் கோப்பு. காமனை ஒரு முறை கட்டி, அந்த ஒற்றைக் கோப்பை ஃபங்ஷனின் கான்டெக்ஸ்ட்டில் வைத்து, பெயரோடும் வெர்ஷனோடும் நிறுவுவது. இதில் ஒரு மறைமுக லாபம் உண்டு. பிப்பை ஹாஷ் சரிபார்ப்போடு ஓட்டுபவர்கள் ஃபோல்டர் ஒன்றைச் சார்பாகக் கொடுத்தால் பிப் மறுத்துவிடும், ஏனென்றால் ஃபோல்டருக்கு ஹாஷ் கிடையாது. வீல் கோப்புக்கு உண்டு.

எடிட்டபிள் என்னும் கண்ணி

நிரலர்கள் சொந்த லைப்ரரியை எடிட்டபிள் முறையில் நிறுவுவது வழக்கம். திருத்தியதும் உடனே பலிக்கும் என்பதால் வேலை செய்யும்போது அது வசதி. உண்மையில் அந்த முறையில் லைப்ரரி எங்கும் நிறுவப்படுவதில்லை. மூல ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்புதான் பைத்தானின் சைட்-பேக்கேஜஸில் எழுதப்படுகிறது.

இதைப் பல கட்ட டாக்கர்ஃபைலுக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? முதல் கட்டத்தில் காமன் இருக்கிறது, நிறுவல் வெற்றி, டெஸ்டும் வெற்றி. இரண்டாம் கட்டம் மெலிந்த இமேஜ். அதற்குள் நிறுவிய அடைவை மட்டும் காப்பி செய்கிறோம். குறிப்பு வந்துவிட்டது, அது காட்டும் ஃபோல்டர் வரவில்லை. பில்ட் பச்சை காட்டி முடிந்து, ஃபங்ஷன் முதல் அழைப்பில் விழும். பைத்தானின் புதிய கருவியான யூவியில், டாக்கருக்குள் நோ-எடிட்டபிள் என்று சொல்லி நிறுவும்படி ஆவணத்திலேயே வழி காட்டியிருப்பது இதனால்தான். கடைசிக் கட்டத்தில் லைப்ரரியை ஒரு முறை இம்போர்ட் செய்து பார்க்கும் ஒரு வரியை டாக்கர்ஃபைலில் சேர்த்தால் இந்தத் தவறு பில்டிலேயே பிடிபடும்.

நோடில் இதே கண்ணி வேறு பெயரில் இருக்கிறது. 2017இல் வந்த என்பிஎம் 5 முதல், ஃபைல் என்று தொடங்கும் சார்புகள் காப்பியாக அல்லாமல் சிம்லிங்காக நிறுவப்படுகின்றன. ஒர்க்ஸ்பேஸ்களும் அப்படியே. இன்ஸ்டால்-லிங்க்ஸ் என்ற தெரிவு கொடுத்தால் பொட்டலமாகக் கட்டி நிறுவும். பிஎன்பிஎம் பயன்படுத்துவோருக்கு டெப்ளாய் என்ற கட்டளை, ஒரு ஃபங்ஷனையும் அதன் ஒர்க்ஸ்பேஸ் சார்புகளையும் தனி அடைவில் முழுதாக எடுத்துக் கொடுக்கும். இதையெல்லாம் தாண்டி, ஈஎஸ்பில்ட் போன்ற பண்ட்லரால் எல்லாவற்றையும் ஒற்றைக் கோப்பாக்கிவிட்டால் லைப்ரரி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே மறைந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்களுக்கு அதுவே நல்ல வழி.

கோ மொழிக்காரர்களுக்கு இதில் கவலை குறைவு. மாட் கோப்பில் ரிப்ளேஸ் வரி ஒன்று போதும், 1.18 முதல் ஒர்க் கோப்பும் உண்டு. கட்டி முடித்தால் ஒற்றைப் பைனரி. ஆனால் ரிப்ளேஸ் வரி காட்டும் ஃபோல்டர் கான்டெக்ஸ்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர்களுக்கும் உண்டு. ஜாவாவில் கூகுளின் ஜிப் (Jib; சுருட்டும் ஜிப் அல்ல) என்ற கருவி டாக்கரே இல்லாமல் இமேஜைக் கட்டுகிறது. வெளி லைப்ரரிகளையும் அதே திட்டத்தின் சொந்தத் துணைத் தொகுதிகளையும் வெவ்வேறு அடுக்குகளாகப் பிரித்துவைக்கிறது. சொந்த லைப்ரரிக்கு இமேஜில் தனி இடம் உண்டு என்று நினைத்துச் செய்த கருவி அது.

உடையும் எழுத்து

லோக்கல் லைப்ரரி என்ற பெயருக்கு இன்னொரு பொருளும் உண்டு: நம் கணினியின் இயங்குதளத்தில் ஏற்கெனவே இருப்பதால் நாம் கணக்கில் கொள்ளாத சி லைப்ரரிகள். இவை சொல்லாமல் சார்பாகின்றன, சொல்லாமல் காணாமல் போகின்றன.

தமிழர்களுக்குப் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. சான்றிதழிலோ அழைப்பிதழிலோ பெயரை அச்சிட்டுப் படமாகத் தரும் ஃபங்ஷன் என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் இதற்குப் பில்லோ லைப்ரரி வழக்கம். தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்க அது ராக்ம் என்ற அடுக்கல் லைப்ரரியை நம்பியிருக்கிறது. பில்லோ 8.2 முதல் லினக்ஸ் வீலுக்குள் ராக்ம் சேர்ந்தே வருகிறது. ஆனால் ராக்முக்கு வேண்டிய ஃப்ரிபிடி வீலில் வருவதில்லை. ஓடும் நேரத்தில் இயங்குதளத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் பிழை எதுவும் சொல்லாது. அடிப்படை அடுக்கலுக்கு இறங்கிவிடும். நிரலரின் உபுண்டு டெஸ்க்டாப்பில் ஃப்ரிபிடி வேறு ஏதோ மென்பொருளோடு வந்து உட்கார்ந்திருக்கும். மெலிந்த கன்டெய்னரில் இருக்காது. விளைவு, பெண் என்ற சொல்லில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கும் குழுவுக்கு இது தெரியவே தெரியாது. எழுத்து உடைந்த சான்றிதழ் கையில் கிடைத்தவர் சொன்னால்தான் தெரியும். பில்லோவின் ஃபீச்சர்ஸ் தொகுதியில் ராக்ம் இருக்கிறதா என்று கேட்கும் ஒரு வரியை பில்டில் வைத்து, இல்லையென்றால் பில்டை நிறுத்துவதே இதற்குத் தீர்வு.

சி லைப்ரரிகளின் தாய் ஜிலிப்சி. அமேசான் லினக்ஸ் 2இல் அதன் வெர்ஷன் 2.26; அமேசான் லினக்ஸ் 2023இல் 2.34, டெபியன் 12இல் 2.36. புதியதில் கட்டியதைப் பழையதில் ஓட்டினால் வேண்டிய வெர்ஷன் இல்லை என்று நின்றுவிடும். பைத்தான் உலகம் இதற்கு 2016இல் மெனிலினக்ஸ் என்ற உடன்பாட்டைக் கண்டது: பழைய சென்ட்ஓஎஸ்ஸில் கட்டினால் பெரும்பாலான லினக்ஸ்களில் ஓடும் என்பது அடிப்படை. இப்போது வீலின் பெயரிலேயே அது கேட்கும் ஜிலிப்சி எண் இருக்கிறது. 2.28 என்று குறித்த வீல்களை, அமேசான் லினக்ஸ் 2 மேல் நிற்கும் பைத்தான் 3.11 லாம்டா எடுத்துக்கொள்ளாது. 2023 மேல் நிற்கும் 3.12 எடுத்துக்கொள்ளும். மொழியின் வெர்ஷனை மாற்றியதும் லைப்ரரிச் சிக்கல் தானே தீர்ந்தது என்று பலர் வியப்பதன் பின்னணி இதுதான். ஆல்பைன் லினக்ஸ் ஜிலிப்சி இல்லாமல் மசல் என்ற வேறு லைப்ரரியில் நிற்கிறது. இமேஜ் சின்னதாக இருக்கிறதே என்று அதைத் தேர்ந்தால், மசலுக்கெனக் கட்டிய வீல் இல்லாத லைப்ரரிகளை எல்லாம் நாமே தொகுக்க வேண்டிவரும். மிச்சம்பிடித்த எம்பியை பில்ட் நேரத்தில் கொடுத்துவிடுகிறோம்.

சிப்பும் சேர்ந்துகொண்டது. 2020 இறுதியில் ஆப்பிள் எம்1 வந்தது. 2021 செப்டம்பரில் லாம்டாவும் ஆர்ம் சிப்பை ஏற்றது. புதிய மேக்கில் கட்டும் இமேஜ் சொல்லாமலே ஆர்ம் இமேஜாகிவிடும். பிளாட்ஃபார்ம் எது என்று பில்ட் கட்டளையில் ஒவ்வொரு முறையும் எழுதுவதே பிழைக்கும் வழி. பில்டெக்ஸ் பயன்படுத்துவோர் ப்ராவனன்ஸ் என்ற சான்றுத் தெரிவை அணைக்க வேண்டும் என்பதையும் அமேசானின் ஆவணமே சொல்கிறது. அணைக்காவிட்டால் இமேஜோடு ஒரு பட்டியல் கோப்பும் சேர்ந்துகொள்ளும். லாம்டா அதை ஏற்பதில்லை.

பிற தளங்களில்

கூகுள் வேறு பாதையில் போனது. அங்கே ஃபங்ஷனை மூல நிரலாகக் கொடுத்தால் பில்ட்பேக் என்ற கருவி அதைப் பார்த்து மொழியைக் கண்டுபிடித்து, டாக்கர்ஃபைல் இல்லாமலே இமேஜாக்கிவிடும். ஹெரோகுவில் 2011இல் பிறந்த யோசனை. 2018இல் ஹெரோகுவும் பிவோட்டலும் சேர்ந்து அதைப் பொதுத் தரமாக்கின. வசதிதான். ஆனால் மூலமாக நாம் காட்டும் ஃபோல்டர் மட்டும்தான் மேலே ஏறும். பக்கத்து ஃபோல்டருக்கு அங்கேயும் இடமில்லை. சொந்த லைப்ரரியை அந்த ஃபோல்டருக்குள் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார்கள்; தனியார் களஞ்சியத்தைத் தொட முடியாத சூழலில் எல்லா வீல்களையும் இறக்கி உள்ளே வைத்துவிடவும் வழி உண்டு. 2024இல் அந்தச் சேவையின் பெயரே கிளவுட் ரன் ஃபங்ஷன்ஸ் என்று மாறியது. அடியில் இருப்பது கன்டெய்னர்தான் என்பதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

சொந்தச் சர்வரில் ஓட்டும் ஓப்பன்ஃபாஸ் முதலிலிருந்தே டாக்கர் இமேஜைத்தான் ஃபங்ஷன் என்கிறது. அதன் ஸ்டாக் கோப்பில் காப்பி என்ற தலைப்பின்கீழ் பொது ஃபோல்டரின் பெயரை எழுதினால், ஒவ்வொரு ஃபங்ஷனின் பில்ட் அடைவுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மற்றவர்கள் ஸ்கிரிப்ட் எழுதிச் செய்வதை இங்கே கருவியே செய்கிறது. சென்னையில் வேர்கொண்ட ஸோஹோவின் கேட்டலிஸ்ட் தளத்தில் ஃபங்ஷன்கள் ஒரு பக்கம், கன்டெய்னர் இமேஜை ஏற்கும் ஆப்செயில் இன்னொரு பக்கம் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். சிக்கலான சார்புகள் உள்ள வேலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதை வாடிக்கையாளர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஃபங்ஷன்கள் ஐம்பதைத் தாண்டிய ரெப்போக்களில் கேள்வி வேறாகிறது: காமனில் ஒரு வரி மாறினால் எந்தெந்த இமேஜை மீண்டும் கட்டுவது? எல்லாவற்றையும் கட்டினால் நேரம் போகிறது. கைக்கணக்கில் தேர்ந்தால் ஒன்று விடுபடுகிறது. பேன்ட்ஸ் என்ற பில்ட் கருவி இம்போர்ட் வரிகளை வாசித்து, எந்த ஃபங்ஷன் காமனின் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று தானே கண்டுபிடித்து, வேண்டியதை மட்டும் சேர்க்கிறது. கூகுளின் பேசல் இன்னும் கறாரானது. எல்லாவற்றையும் அறிவித்தே ஆக வேண்டும். சிறு குழு பேசலைத் தொட்டால் ஃபங்ஷன் எழுதும் நேரத்தைவிட பில்ட் கோப்பு எழுதும் நேரம் அதிகமாகிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எடையும் வேகமும்

இமேஜ் 10 ஜிபி வரை போகலாம் என்றதும் எழுந்த அச்சம் கோல்ட் ஸ்டார்ட். முதல் அழைப்பு வரும்போது இத்தனையையும் இறக்கிக்கொண்டிருந்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார். நடந்தது வேறு. கன்டெய்னர் தொடங்கும் நேரத்தில் 76 விழுக்காடு இமேஜை இறக்குவதிலேயே போகிறது, ஆனால் இறக்கியதில் 6.4 விழுக்காட்டைத்தான் தொடக்கத்தில் படிக்கிறார்கள் என்று 2016இல் ஸ்லேக்கர் ஆய்வு காட்டியிருந்தது. அந்த இடைவெளியைத்தான் லாம்டா பயன்படுத்திக்கொண்டது. மார்க் புரூக்கரும் சகாக்களும் 2023 யூஸ்நிக்ஸ் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வுத்தாளில் விவரம் இருக்கிறது. இமேஜின் அடுக்குகளைத் தட்டையாக்கி, 512 கேபி துண்டுகளாக நறுக்கி, வேண்டிய துண்டை வேண்டியபோது மட்டும் இறக்குகிறார்கள். ஒரே மாதிரித் துண்டுகள் ஒருமுறைதான் சேமிக்கப்படும். புதிதாக ஏற்றப்படுபவற்றில் சுமார் 80 விழுக்காட்டில் புதிய துண்டு ஒன்றுகூட இருப்பதில்லை என்கிறார்கள். மீதியிலும் சராசரியாக 4.3 விழுக்காடுதான் புதியது.

இந்த எண்கள் நம் கேள்விக்கு நேராகப் பயன்படுகின்றன. எல்லோரும் பயன்படுத்தும் அடிப்படை இமேஜ் மேல் நின்றால் அதன் துண்டுகள் ஏற்கெனவே அருகில் இருக்கும். அப்படியானால் ஆல்பைன் போல அரிதான அடிப்படையைத் தேடிப்போய் எம்பி மிச்சம்பிடிப்பது எப்போதும் லாபம் அல்ல. நம் கணினியிலும் பில்ட் சர்வரிலும் ஒரே வரிசைதான் பலன் தரும்: அரிதாக மாறும் வெளி லைப்ரரிகள் கீழே, அதற்கு மேல் காமன், உச்சியில் ஃபங்ஷனின் நாற்பது வரி. பலர் முழு ரெப்போவையும் முதலில் காப்பி செய்துவிட்டுப் பிறகு பிப் ஓட்டுகிறார்கள். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினாலும் நம்பை மீண்டும் இறங்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது

அமேசானின் அடிப்படை இமேஜ்களுக்குள் லாம்டாவைப் போல நடிக்கும் ஒரு சிறு சர்வர் இருக்கிறது. டாக்கரில் ஓட்டி, 8080 போர்ட்டைத் திறந்து, கர்லால் அழைத்துப் பார்க்கலாம். ஆனால் அது முழு லாம்டா அல்ல. நிஜ லாம்டாவில் டெம்ப் அடைவைத் தவிர எங்கும் எழுத முடியாது. வீட்டு அடைவில் தற்காலிகக் கோப்பு எழுதும் மேட்பிளாட்லிப் போன்ற லைப்ரரிகள் அங்கே தடுமாறும். நிஜ லாம்டாவில் ரூட் பயனரும் கிடையாது. நிரலரின் கணினியில் தனக்கு மட்டும் என்ற அனுமதியோடு கிடந்த காமன் கோப்புகள் அதே அனுமதியோடு இமேஜுக்குள் போய், டாக்கரில் ரூட்டாக ஓடும்போது திறந்து, லாம்டாவில் அனுமதி மறுக்கப்பட்டு நிற்கும். படிக்க மட்டும் என்ற தெரிவோடும் சாதாரணப் பயனராகவும் டாக்கரை ஓட்டிப் பார்த்தால் இரண்டும் மேசையிலேயே வெளிவந்துவிடும்.

இன்னொன்று, டேக். லேட்டஸ்ட் என்ற டேகில் புதிய இமேஜை ஏற்றிவிட்டு ஃபங்ஷன் ஏன் மாறவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. லாம்டா, ஃபங்ஷனை உருவாக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ டேகை டைஜஸ்ட்டாக மாற்றிப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் டேக் எங்கே போனாலும் அதற்குக் கவலையில்லை.

இதிலிருந்து ஒரு பெரிய விஷயம் பிறக்கிறது. ஒரே ரெப்போவில் இருக்கிறோம், காமனுக்கு வெர்ஷன் எதற்கு என்று கேட்பார்கள். ஆனால் ஃபங்ஷன்கள் தனித்தனியே வெளியாகின்றன. செவ்வாய்க்கிழமை ஆர்டர் புதிய காமனோடு வெளியாகிறது. பில்லிங் போன மாதக் காமனோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்டர் வரிசையில் போடும் செய்தியின் வடிவம் காமனில் மாறியிருந்தால் பில்லிங் அதைப் படிக்கத் தெரியாமல் விழும். ரெப்போவில் ஒரே காமன் என்பது உண்மை. ஓடும் இடத்தில் ஒரே நேரத்தில் நான்கு காமன்கள் இருக்கும். ஆகவே எண் கொடுக்காவிட்டாலும் வெர்ஷன் இருக்கிறது. குறைந்தபட்சம் இமேஜின் லேபிளில் கிட் கமிட்டை எழுதிவைத்தால் எந்த ஃபங்ஷனுக்குள் எந்தக் காமன் என்று நள்ளிரவில் தேட வேண்டியிராது. செய்தியின் வடிவத்தைச் சொல்லும் நிரலை மட்டுமாவது காமனிலிருந்து பிரித்து, எண்ணிட்டு வெளியிடுவது நல்லது.

பெயரும் சாவியும்

சொந்த லைப்ரரிக்கு நாம் வைக்கும் பெயரும் பாதுகாப்புப் பிரச்சினை என்பதை உலகம் 2021 பிப்ரவரியில் அறிந்தது. நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் லைப்ரரிகளின் பெயர்களைத் தேடியெடுத்து, அதே பெயரில் பெரிய வெர்ஷன் எண்ணோடு பொதுக் களஞ்சியங்களில் ஏற்றினார் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்பட 35க்கு மேற்பட்ட நிறுவனங்களின் பில்டுகள் அவர் ஏற்றியதை எடுத்து ஓட்டின. பிப்பில் கூடுதல் களஞ்சியமாகத் தனியார் முகவரியைக் கொடுத்தால், அது இரண்டு இடத்திலும் தேடி எது பெரிய எண்ணோ அதை எடுக்கும். எது நம்முடையது என்று அதற்குத் தெரியாது. ஃபோல்டரிலிருந்தோ வீல் கோப்பிலிருந்தோ வழி சொல்லி நிறுவுபவருக்கு இந்த ஆபத்து குறைவு என்பது பக்கத்து ஃபோல்டர் முறைக்கு ஆதரவான வலுவான வாதம்.

தனியார் கிட்டிலிருந்து லைப்ரரியை இழுப்பவர்கள் செய்யும் தவறு வேறு. டோக்கனை பில்ட் ஆர்க் ஆகக் கொடுக்கிறார்கள். அது இமேஜின் வரலாற்றில் எழுதப்பட்டு, இமேஜ் போகும் இடமெல்லாம் கூடவே போகும். டோக்கனைக் கோப்பாகக் காப்பி செய்து அடுத்த வரியில் அழித்தாலும் முந்தைய அடுக்கில் அது அப்படியே கிடக்கும். பில்ட்கிட்டின் சீக்ரெட் மவுன்ட் இதற்கென்றே இருக்கிறது. அந்த ஒரு கட்டளை ஓடும்போது மட்டும் சாவி கண்ணில் படும், இமேஜில் படியாது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரே குழு, ஒரே ரெப்போ என்றால் கான்டெக்ஸ்ட்டை வேருக்கு உயர்த்துங்கள், அல்லது பெயரிட்ட கான்டெக்ஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். காமனுக்குப் பைப்ராஜெக்ட் கோப்பு எழுதி முறையான பேக்கேஜாக்குங்கள். எடிட்டபிள் இல்லாமல் நிறுவுங்கள். இரண்டாவது குழு அந்த லைப்ரரியைக் கேட்கும் நாளில் வீலாகக் கட்டித் தனியார் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். அதற்கு முன் வேண்டாம். சி லைப்ரரி எதுவும் இல்லாமல், 250 எம்பிக்குள் அடங்கும் ஃபங்ஷனுக்கு இமேஜே தேவையில்லை. பட்டறையில் கட்டிய ஜிப் போதும். இமேஜைத் தேர்ந்தவர் ஒரு வேலையைத் தன் தலையில் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜிப் ஃபங்ஷனின் ரன்டைமில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அமேசானே அதைப் போட்டுவிடும். இமேஜுக்குள் இருக்கும் பைத்தானையும் ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் யாரும் தொட மாட்டார்கள். நாம் மீண்டும் கட்டி ஏற்றும்வரை அவை ஏற்றிய நாளில் இருந்தபடியே ஓடும். நிரலில் மாற்றம் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை எல்லா இமேஜையும் புதிதாகக் கட்டும் வேலையைக் காலண்டரில் போட்டுவிடுங்கள்.